கிளிப் போட்டால் பல் எப்படி நகர்கிறது? எலும்பை நம்பி வாழ்ந்த எட்வர்ட் ஆங்கிளின் கதை

பல்லுக்கு கிளிப் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் டாக்டர் கம்பியை மாற்றி அனுப்புவார். வீடு வந்து சேரும்வரை ஒன்றும் தெரியாது. ராத்திரி படுக்கும்போது லேசாக வலி ஆரம்பிக்கும். அடுத்த ரெண்டு மூணு நாள் தயிர்சாதம்தான். அப்புறம் வலி தானாகப் போய்விடும். மாதக் கடைசியில் பார்த்தால் பல் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால் இது கொஞ்சம் விசித்திரமான விஷயம். பல் ஈறில் செருகி வைத்த பொருள் இல்லை. அதன் வேர் தாடை எலும்புக்குள் இறங்கி நிற்கிறது. சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்காமல், சுவரையும் உடைக்காமல், பக்கவாட்டில் ஒரு இன்ச் தள்ளி வைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. ஆணி நகர்ந்த பிறகு அது முன்பு இருந்த ஓட்டையைச் சுவரே பூசி அடைத்துக்கொள்கிறது என்பது கூடுதல் ஆச்சரியம்.

எலும்பின் இந்தக் குணத்தின் மீது தன் வாழ்க்கையையே பந்தயம் கட்டிய ஒருவர் இருந்தார். எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள். நவீன ஆர்த்தடான்டிக்ஸின் தந்தை என்று பல் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித் தருவது இவரைத்தான். பந்தயத்தில் பாதி ஜெயித்தார், பாதி தோற்றார். தோற்றது அவர் இறந்த பிறகுதான் தெரியவந்தது.

பண்ணையிலிருந்து பல் மருத்துவத்துக்கு

ஆங்கிள் 1855 ஜூன் 1 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் ஹெரிக் என்ற கிராமப்புறத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம், ஏழு பிள்ளைகள். சின்ன வயதிலிருந்தே கருவிகளோடுதான் ஈடுபாடு. கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றி மாட்டுகிற பையன். அவருடைய கைத்திறனைப் பார்த்த அம்மா, பல் வைத்தியம் இவனுக்குச் சரிப்பட்டு வரும் என்று முடிவு செய்தார். அந்தக் காலத்துப் பல் வைத்தியத்தில் பாதி உலோக வேலைதான் என்பதால், அது நல்ல கணிப்புதான்.

1878-ல் பென்சில்வேனியா பல் அறுவை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, டொவாண்டா என்ற ஊரில் தொழில் தொடங்கினார். ஆனால் நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. உடம்பைத் தேற்றிக்கொள்ள மேற்கே போனவர், 1880-களின் தொடக்கத்தில் மொன்டானாவில் ஆட்டுப் பண்ணை வைத்தார். கடும் பனிக்காலம் ஒன்று வந்து ஆடுகளைக் கொண்டுபோய்விட்டது. கையில் இருந்ததை எல்லாம் இழந்து மினியாபொலிஸ் திரும்பி, மறுபடியும் பல் வைத்தியர் ஆனார். அந்த ஆடுகள் பிழைத்திருந்தால் இன்று நம் வாயில் இருக்கும் கிளிப் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ!

1880-களின் கடைசியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பல் சீரமைப்பைக் கற்பித்தார். 1887-ல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில் தன் கருவிகளை அறிமுகம் செய்தார். அதுவரை ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டர்தான் கம்பி, திருகு, பட்டை எல்லாம் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஆங்கிள் அவற்றை ரெடிமேட் பாகங்களாக மாற்றினார். வாங்கி, மாட்டி, முறுக்கினால் போதும். காப்புரிமை எடுப்பதிலும் ஆள் சளைக்கவில்லை. வாழ்நாளில் முப்பதுக்கும் மேல். நோயைத் தீர்க்கும் கருவிக்குக் காப்புரிமையா என்று சக டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

1899-ல்தான் இன்றும் அவர் பெயர் சொல்லும் காரியத்தைச் செய்தார். கோணல் பற்களை வகைப்படுத்துவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். மேல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க மேடு, கீழ் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் சரியாக உட்கார்கிறதா? உட்கார்ந்தும் மற்ற பற்கள் வரிசை தப்பி இருந்தால் கிளாஸ் 1. கீழ்த்தாடைப் பல் பின்னால் போயிருந்தால் கிளாஸ் 2. முன்னால் வந்திருந்தால் கிளாஸ் 3. அவ்வளவுதான். எக்ஸ்-ரே பரவலாகாத காலத்து ஏற்பாடு, 120 வருஷம் கழித்தும் கிளினிக் ஃபைல்களில் அப்படியே எழுதப்படுகிறது.

1900-ல் செயின்ட் லூயிஸ் நகரில் ஆர்த்தடான்டிக்ஸுக்கு என்றே தனிப் பள்ளி தொடங்கினார். அடுத்த வருடமே அமெரிக்க ஆர்த்தடான்டிஸ்டுகள் சங்கத்தின் முதல் கூட்டம். இப்படித்தான் பல் மருத்துவத்திலிருந்து ஒரு தனிச் சிறப்புத் துறை பிரிந்து வந்தது.

எலும்பு வளையுமா, கரையுமா?

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வாய்க்குள் போவோம். ஆங்கிள் தொழிலுக்கு வந்த காலத்தில் பல்லை நகர்த்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அது ஏன் நகர்கிறது என்பதில்தான் சண்டை. எலும்பு ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிறது என்று நார்மன் கிங்ஸ்லி போன்றவர்கள் நினைத்தார்கள். இல்லை, அழுத்தப்படும் பக்கம் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புதிதாக வளர்கிறது என்றது இன்னொரு தரப்பு. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

பார்த்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சான்ட்ஸ்டெட். நாயின் முன்பற்களுக்குக் கம்பி போட்டு மூன்று வாரம் நகர்த்தி, பிறகு அந்தத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்து 1904-05-ல் வெளியிட்டார். இன்று பாடப்புத்தகத்தில் இருப்பதன் எலும்புக்கூடு அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

அவர் பார்த்தது என்ன? பல் வேரும் எலும்பும் நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் சுமார் 0.2 மி.மீ. அகலத்தில் ஒரு சின்ன இடைவெளி. அதில் ஒரு மெல்லிய தசைநார். டாக்டர்கள் பெரியோடான்டல் லிகமென்ட் என்பார்கள். பல்லை எலும்போடு கட்டிவைத்திருக்கும் ஆயிரக்கணக்கான நார்கள், நடுவே ரத்தக்குழாய்கள், நரம்பு, செல்கள், கொஞ்சம் திரவம். முருக்கைக் கடிக்கும்போது பல்லில் பல கிலோ எடை விழுந்தாலும் பல் நகராததற்குக் காரணம் இந்தத் திரவம்தான். ஒரு நொடிக்கும் குறைவான அழுத்தத்தில் அது வெளியேற நேரம் கிடைப்பதில்லை. குஷன் மாதிரி தாங்கிவிடுகிறது. ஆனால் சில கிராம் விசை மணிக்கணக்கில் விடாமல் தள்ளினால் திரவம் விலகுகிறது, பல் அந்த இடைவெளிக்குள் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

தள்ளப்படும் பக்கத்தில் லிகமென்ட் நசுங்குகிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. செல்கள் ரசாயன சமிக்ஞைகளை அனுப்புகின்றன. சுமார் இரண்டு நாளில் ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பு கரைக்கும் செல்கள் வந்து சேர்ந்து, பல்லுக்கு எதிரே உள்ள எலும்பைக் கரைக்கத் தொடங்குகின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன. அங்கே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைப் பூசுகின்றன. முன்னால் இடிக்கும் கோஷ்டி, பின்னால் கட்டும் கோஷ்டி. நடுவில் பல் ஊர்ந்து போகிறது.

அழுத்தம் கூடினால் வேகம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் ட்விஸ்ட். விசை அதிகமானால் நசுங்கிய இடத்தில் ரத்தக்குழாய்கள் முழுதாக அடைபட்டு, அந்தத் திசு செத்துவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணாடி மாதிரி, செல்லே இல்லாமல் தெரியும் பகுதி அது. சான்ட்ஸ்டெட் இதையும் கவனித்திருந்தார். உயிரில்லாத இடத்தில் எலும்பு கரைக்கும் செல்கள் உருவாக முடியாது. அவை எலும்பின் மறுபக்கத்திலிருந்து, சுவருக்குப் பின்னாலிருந்து சுரங்கம் தோண்டுவதுபோல் அரித்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அதுவரை பல் நகராது. வலி மட்டும் கூடும். வேரும் கொஞ்சம் கரையலாம். அதனால்தான் சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க என்று டாக்டரிடம் கேட்டால் அவர் சிரித்துவிட்டு, அதே மெல்லிய கம்பியை மாட்டுகிறார்.

பெர்லின் தந்த நம்பிக்கை

ஆங்கிளைக் கவர்ந்தது வேறொரு பெயர். பெர்லினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப். எலும்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய தூண்கள், அதன் மீது விழும் பாரத்துக்கு ஏற்ப வரிசைப்படுகின்றன என்று 1892-ல் புத்தகம் எழுதியவர். பாரம் மாறினால் எலும்பின் அமைப்பும் மாறும். ஜிம்முக்குப் போகிறவர்களிடம் எலும்பு பலப்படும் என்று இன்று சொல்கிறார்களே, அதன் மூலம் இதுதான்.

இதைப் படித்த ஆங்கிளுக்கு ஒரு பெரிய கதவு திறந்தது. அவர் போட்ட கணக்கு இப்படி: பற்களை அவை இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும். மெல்லும்போது விழும் பாரம் சரியான திசையில் விழும். அந்தப் பாரத்துக்கு ஏற்பச் சுற்றிலும் எலும்பு வளர்ந்துகொள்ளும். தாடை சிறியது, பல்லுக்கு இடமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இடமில்லையென்றால் இடத்தை வளர்த்துக்கொள்!

இதிலிருந்து பிறந்தது அவருடைய பிடிவாதமான விதி: எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது. ஆரம்பப் பதிப்புகளில் தேவைப்பட்டால் பல்லை எடுக்கலாம் என்றிருந்த அவருடைய புத்தகம், 1907-ல் வந்த ஏழாம் பதிப்பில் முழுதாக மாறிவிட்டது. 32 பல்லும் இருந்தால்தான் முகம் அழகு, கடி சரி. செயின்ட் லூயிஸில் அவருக்கு நண்பராக இருந்த எட்மண்ட் வ்யூர்பெல் என்ற ஓவிய ஆசிரியரோடு முக அழகின் இலக்கணம் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். எல்லா முகங்களுக்கும் ஒரே இலக்கணம் இல்லை என்று வ்யூர்பெல் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அப்படியானால் 32 பல்லும் சரியாகப் பொருந்தினால் அவரவர் முகம் தானாகவே அழகாகிவிடும் என்ற முடிவுக்கு வந்தார்.

1911-ல் வியன்னாவின் ஆல்பின் ஓப்பன்ஹைம், பபூன் குரங்கின் பால்பற்களை நகர்த்திப் பார்த்து, எலும்பு முழுவதுமே விசைக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்று எழுதினார். சான்ட்ஸ்டெட் சொன்னதற்கு மாறான முடிவு. ஆங்கிளுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. தன் நம்பிக்கைக்கு மைக்ரோஸ்கோப் சாட்சி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

அதே 1911-ல்தான் அமெரிக்காவில் பல் பிடுங்கலாமா கூடாதா என்ற பெரிய விவாதம் வெடித்தது. சில பேருக்குப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார் கால்வின் கேஸ். ஆங்கிளின் மாணவர் மார்ட்டின் டூயி எதிர்த்தார். இன்றைய கண்ணில் பார்த்தால் கேஸ் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் கூட்டம் ஆங்கிள் பக்கம் நின்றது. அடுத்த இருபத்தைந்து வருடம் அமெரிக்க ஆர்த்தடான்டிஸ்டுகளில் பெரும்பாலானோர் பல்லைப் பிடுங்கவில்லை.

ஆங்கிளின் குணத்தையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சையில் மில்லிமீட்டர் சுத்தம்; மனிதர்களோடு அவ்வளவாக ஒத்துப்போகாது. எதிர்க்கருத்து சொன்னவர்களைச் சொந்த எதிரியாகப் பார்த்தார். தானே முன்னின்று தொடங்கிய சங்கத்தோடும் பின்னாளில் ஒட்டவில்லை. ஆனால் அவரிடம் படித்தவர்கள் அவரை ஏறக்குறைய குருவாகவே கொண்டாடினார்கள். 1908-ல் அவர் இரண்டாவதாக மணந்த அன்னா ஹாப்கின்ஸ், முதலில் அவருடைய செயலாளர். பிறகு அயோவாவில் பல் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். மாணவர்கள் அவரை அம்மா என்ற முறையில் அழைத்தார்கள். ஆங்கிளின் எழுத்து, பள்ளி, சண்டைகள் எல்லாவற்றையும் கட்டிக்காத்தது அன்னாதான் என்று சொன்னால் மிகையில்லை.

வேரைப் பிடிக்க ஒரு கருவி

எலும்பை வளர்க்க வேண்டுமென்றால் பல்லின் தலையை மட்டும் சாய்த்தால் போதாது, வேரையும் சேர்த்து நகர்த்த வேண்டும். ஆங்கிளின் கடைசி இருபது வருடம் முழுக்க இந்த ஒரு பிரச்சினைதான். முதலில் இருந்த தடித்த வளைவுக்கம்பி, பல்லைச் சாய்க்க மட்டுமே செய்தது. 1910 வாக்கில் ஒவ்வொரு பல்லிலும் சின்னக் குழாய் வைத்து, கம்பியில் ஊசி பற்றவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல் நகர நகர ஊசியைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். அவரைப்போல் பொற்கொல்லர் கை இருந்தால்தான் முடியும், மற்றவர்களுக்கு நரகம். அடுத்து 1910-களின் நடுவில் ரிப்பன் மாதிரி தட்டையான கம்பி.

இடையில் 1916 வாக்கில் ஓய்வு என்று சொல்லி கலிஃபோர்னியாவின் பசடேனாவுக்குப் போனார். மாணவர்கள் விடவில்லை. அங்கேயும் பள்ளி முளைத்தது. 1922-ல் மாணவர்களே சேர்ந்து கட்டடம் எழுப்பிக் கொடுத்தார்கள்.

1925-ல், எழுபது வயதில், எட்ஜ்வைஸ் வந்தது. ஐடியா கேட்க எளிமையானது. தட்டைக் கம்பியை 90 டிகிரி திருப்பி, விளிம்பு பல்லைப் பார்க்கும்படி ஒரு செவ்வகப் பள்ளத்தில் உட்கார வைப்பது. பள்ளத்தின் உயரம் 0.022 அங்குலம். செவ்வகக் கம்பியை லேசாக முறுக்கிப் பள்ளத்தில் அழுத்தினால், அது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்த முறுக்கு பல்லின் வேருக்குப் போய்ச் சேரும். முதல்முறையாகப் பல்லை எந்தத் திசையிலும், வேரோடு சேர்த்து நகர்த்த முடிந்தது. எலும்பை வளர்க்கும் கருவி என்ற நம்பிக்கையில்தான் அவர் இந்த வரிசையில் வேலை செய்துகொண்டிருந்தார். அன்று கம்பி தங்கக் கலவை. இன்று ஸ்டீலும் நிக்கல் டைட்டானியமும். ஆனால் உங்கள் பிராக்கெட்டில் இருக்கும் பள்ளம் இப்போதும் பெரும்பாலும் 0.022 அல்லது 0.018 அங்குலம்தான்.

1930 ஆகஸ்ட் 11 அன்று சான்டா மோனிகாவில் ஆங்கிள் இறந்தார்.

சீடரே எடுத்த பற்கள்

எட்ஜ்வைஸைக் கையில் எடுத்து அரிசோனாவில் தொழில் நடத்தியவர் சார்லஸ் ட்வீட். ஆங்கிளின் கடைசிக்கால மாணவர்களில் ஒருவர், தீவிர பக்தர். குரு சொன்னபடி ஒரு பல்லையும் எடுக்காமல் வருடக்கணக்கில் சிகிச்சை செய்தார். பிறகு தன் நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது மனது உடைந்திருக்க வேண்டும். பலருக்குப் பற்கள் பழையபடி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பலருக்கு உதடு முன்னால் தள்ளிக்கொண்டு, முகமே மாறியிருந்தது. எதிர்பார்த்த எலும்பு வளரவில்லை.

ட்வீட் சிலருக்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு மறுபடி சிகிச்சை செய்தார். 1936-ல் அதை வெளியே சொன்னார். குருவின் சொத்தைக் கட்டிக்காத்துவந்த அன்னாவுக்கு இது துரோகமாகப் பட்டது. ட்வீட் பின்வாங்கவில்லை. முதலில் பல் எடுக்காமலும் பிறகு எடுத்தும் சிகிச்சை பெற்ற நூறு பேரின் பதிவுகளை 1940-ல் சக டாக்டர்கள் முன்னால் வைத்தார். நூறு பேரின் பல் அச்சுகளோடு யார் வாதாடுவது? ஆங்கிளிடம் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குத் திரும்பிய ரேமண்ட் பெக்கும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

ஆங்கிள் எங்கே தவறினார்? பல்லைச் சுற்றியுள்ள எலும்பு பல்லைப் பின்தொடரும் என்பது சரி. பல்லைப் பிடுங்கிவிட்டால் அங்கே எலும்பு மெலிந்துபோவதே அதற்குச் சாட்சி. ஆனால் அதற்குக் கீழே இருக்கும் தாடையின் அடித்தள எலும்பு, பற்களை வெளியே தள்ளியதற்காகப் பெரிதாவதில்லை. எல்லைக்கு வெளியே தள்ளினால் வேரின் முன்பக்க எலும்புச் சுவர் மெலிந்து, ஈறு இறங்கவும் கூடும்.

இன்னொன்று, வுல்ஃபின் விதியை வாய்க்குள் அப்படியே கொண்டுவர முடியாது. கால் எலும்பில் பாரம் விழுந்தால் எலும்பு கூடுகிறது. கிளிப்பில் அழுத்தும் பக்கம் எலும்பு குறைகிறது! நேர்மாறு. காரணம், நடுவில் இருக்கும் அந்த 0.2 மி.மீ. லிகமென்ட். உத்தரவு போடுவது எலும்பு இல்லை, லிகமென்ட். லிகமென்ட் இல்லாத பல் இம்ப்ளான்டை எத்தனை மாதம் இழுத்தாலும் நகர்த்த முடியாது. அடிபட்டு எலும்போடு நேரடியாக ஒட்டிப்போன பல்லும் அப்படித்தான். இதையே டாக்டர்கள் சாதகமாக்கிக்கொண்டார்கள். எலும்பில் சின்ன ஸ்க்ரூ இறக்கி, அசையாத கொக்கியாக வைத்து மற்ற பற்களை இழுக்கிறார்கள்.

ஆங்கிள் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1932-ல், ஷ்வார்ஸ் என்பவர் ஓர் எண்ணைச் சொன்னார். லிகமென்டில் விழும் அழுத்தம் நுண்ணிய ரத்தக்குழாய்களில் உள்ள அழுத்தத்தைத் தாண்டக் கூடாது: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் எடை கூட அதில் பாதிதான் இருக்கும். அவ்வளவு மெல்லிய கணக்கு. எண்ணில் இன்று திருத்தம் உண்டு, கொள்கை அதேதான்.

ட்வீட்டுக்குப் பிறகு ஊசல் மறுபக்கம் போய், தேவையில்லாதவர்களுக்கும் பல் எடுத்த காலமும் வந்தது. இப்போது ஒவ்வொருவரின் எலும்பு அகலம், உதட்டு நிலை, நெரிசல் அளவு பார்த்து முடிவெடுக்கிறார்கள். கிளினிக்கில் நாலு பல்லை எடுக்கணும் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். எடுக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எலும்பு தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எடுப்பவர்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து எலும்பு கரைக்கும் செல்களைக் கட்டிப்போடுகிறது. பல் நகர்வதும் மந்தமாகும்.

பற்கள் திரும்பி ஓடியதற்கு இன்னொரு குற்றவாளியும் உண்டு. நார்வேயின் கோரே ரைட்டன் 1950-களில் காட்டியது இது. வேரைச் சுற்றியுள்ள லிகமென்ட் நார்கள் மூன்று நான்கு மாதத்தில் புது இடத்துக்குப் பழகிவிடுகின்றன. எலும்புக்கு மேலே, ஈறுக்குள் இருக்கும் நார்கள் அப்படியில்லை. திருப்பப்பட்ட பல்லைப் பழைய கோணத்துக்கே இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம் தாண்டியும் விறைப்பாக நிற்கின்றன. கிளிப் கழற்றிய அன்றே ரிட்டெய்னரைக் கையில் கொடுப்பது இந்த நார்களுக்காகத்தான். ரொம்பவும் திரும்பியிருந்த பல் என்றால், ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, அந்த மேல் நார்களை மட்டும் கத்தியால் அறுத்துவிடுவதும் உண்டு. சில நிமிட வேலைதான்.